"தாமதமாக வந்த நோயாளி": ஒரு சொற்றொடரின் வரலாறு

பெரியம்மாவின் மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில், வயதுக்கும் ஊருக்கும் கீழே, "லேட் ப்ரசன்டேஷன்" என்று எழுதியிருந்தது. அதற்கு அடுத்த வரியில் "கருப்பை வாய்ப் புற்று, நிலை 3பி". அறுவைச் சிகிச்சைக்குரிய கட்டம் கடந்துவிட்டது, இனிக் கதிர்வீச்சும் மருந்தும்தான் என்று பெங்களூரில் சொன்னார்கள். சொன்னவர் அன்பாகத்தான் சொன்னார். அவர்மீது எனக்குக் குறையில்லை.

பெரியம்மா கோலார் தங்கவயலில் வாழ்ந்தவர். 2001இல் சுரங்கம் மூடப்பட்டபின் அவ்வூரில் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. மருத்துவக் கோப்போடு ஒரு பிளாஸ்டிக் உறையும் அவரிடம் இருந்தது. அதற்குள் மருந்துச் சீட்டுகள். முதல் சீட்டின் தேதிக்கும் பெங்களூர்க் கோப்பின் தேதிக்கும் இடையே பதினொரு மாதம். மூன்று மருத்துவர்கள், ஏழு சீட்டுகள். வெள்ளைப்படுதலுக்கு மாத்திரை, பிறகு அதே மாத்திரை, பிறகு "தீட்டு நிற்கிற வயசு, அப்படித்தான் இருக்கும்" என்ற விளக்கத்தோடு இரும்புச்சத்து மாத்திரை. ஏழு முறையும் அவரைப் படுக்கவைத்துக் கருப்பை வாயைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. மாரிக்குப்பத்தில் வண்டியேறிப் பெங்களூர் போய்ச் சேர்ந்த அன்று, பயிற்சி மருத்துவரான ஓர் இளம்பெண் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிட்டார்.

ஆனால் கோப்பில் தாமதமாக வந்தவர் பெரியம்மாதான்.

மருத்துவம் என் துறையன்று. முதுகலையில் மொழியியல் படித்தவன். இப்போது ஆய்வு செய்வதும் அதையொட்டிய ஒரு துறையில்தான். எனவே அந்தச் சொற்றொடர் எனக்கு முதலில் ஓர் இலக்கணச் சிக்கலாகவே பட்டது. ஆங்கிலத்தில் அது வெறும் பெயர்த்தொடர். வினை பெயராக்கப்பட்டுவிட்டால் எழுவாயைச் சொல்ல வேண்டிய கட்டாயம் நீங்கிவிடுகிறது. தமிழில் அவ்வளவு எளிதாகத் தப்ப முடியாது. "தாமதித்தார்" என்றால் குற்றம் அவருடையது. "தாமதமாயிற்று" என்றால் ஒருவருடையதும் அன்று. "தாமதப்படுத்தப்பட்டார்" என்றால் தாமதப்படுத்தியவர் யார் என்ற கேள்வி உடனே எழும். "காத்திருந்தார்" என்பதற்கும் "காக்கவைக்கப்பட்டார்" என்பதற்கும் இடையிலும் இதே தூரம் உண்டு. இம்மூன்றில் எதைத் தேர்வது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. கடந்த சில மாதங்களாக, என் ஆய்வேட்டைத் தள்ளிப்போட்டுவிட்டு (நெறியாளர் மன்னிக்க), அதைத் தேடிப் படித்தேன். நீண்ட பதிவு இது, பொறுமையுள்ளோர் தொடர்க.

புற்றுநோய் மருத்துவ இலக்கியத்தில் "நோயாளித் தாமதம்" என்ற வகைப்பாட்டுக்கு வடிவம் கொடுத்தது 1938இல் வெளிவந்த ஓர் அமெரிக்கக் கட்டுரை. எழுதியவர்கள் ஜார்ஜ் பேக், ஜேம்ஸ் கேலோ. அறிகுறி தோன்றி மூன்று மாதத்துக்குள் மருத்துவரிடம் வராவிட்டால் அது நோயாளியின் தாமதம். வந்த நோயாளிக்கு மருத்துவர் ஒரு மாதத்துக்குள் உரியது செய்யாவிட்டால் அது மருத்துவரின் தாமதம் என்று அவர்கள் அளவுகோல் வகுத்தார்கள். கவனிக்க வேண்டியது கட்டுரையின் தலைப்பு. புற்றுநோய்ச் சிகிச்சையில் தாமதத்துக்கான "குற்றப்பொறுப்பு" என்பதே அதன் பொருள். நீதிமன்றச் சொல் மருத்துவமனைக்குள் வந்துவிட்டது. அவர்களேனும் மருத்துவருக்கும் ஒரு கட்டம் ஒதுக்கினார்கள். பின்வந்த காலத்தில் அந்த இரண்டாவது கட்டம் மெல்ல மங்கிப்போய், "லேட் ப்ரசன்டேஷன்" மட்டும் கோப்புகளில் நிலைத்தது.

இந்தியாவில் இந்தப் பழக்கம் அதைவிட மூத்தது. 1885இல் டஃப்ரின் சீமாட்டியின் பெயரால் பெண்களுக்கான மருத்துவ நிதி தொடங்கப்பட்டபோது, இந்தியப் பெண்கள் சிகிச்சையின்றி வாடுவதற்கு அந்தப்புரமே காரணம் என்பது அதன் அடிப்படைக் கருத்தாக இருந்தது. அதில் உண்மை இல்லாமலில்லை. எடித் பீச்சி 1883இல் பம்பாய் வந்ததும், 1886இல் காமா மருத்துவமனை திறக்கப்பட்டதும் உண்மையான தேவைக்கான விடைகள். ஆயினும் அந்தச் சித்திரத்தில் தாமதம் முழுவதும் பெண்ணின் நாணத்திலும் வீட்டின் வழக்கத்திலும் வைக்கப்பட்டது. மருத்துவமனையே இல்லாத மாவட்டங்கள் சித்திரத்துக்கு வெளியே நின்றன.

அறுவையின் கதை வேறொரு தடத்தில் நடந்தது. வியன்னாவில் 1898இல் எர்ன்ஸ்ட் வெர்தைம் வயிற்றைத் திறந்து கருப்பையையும் சுற்றியுள்ள திசுக்களையும் நிணநீர்க் கணுக்களையும் அகற்றும் முறையை நிலைநிறுத்தினார். தொடக்க ஆண்டுகளில் அறுவை மேசையிலும் அதன்பின் வந்த தொற்றிலும் பலர் இறந்தனர். அதே நகரில் 1901இல் ஃப்ரீட்ரிக் ஷவுட்டா வயிற்றைத் திறக்காமல் யோனி வழியாகவே அதைச் செய்யும் முறையை உருவாக்கினார். அதில் உயிரிழப்புக் குறைவு, ஆனால் நிணநீர்க் கணுக்களை எட்ட முடியாது.

இந்த இடைவெளியை நிரப்பிய முயற்சிகளுள் ஒன்று கல்கத்தாவிலிருந்து வந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. சித்தரஞ்சன் தாஸ் பொதுநலத்துக்கென விட்டுச்சென்ற வீட்டில் 1926இல் தொடங்கப்பட்டது சித்தரஞ்சன் சேவா சதன் என்னும் பெண்கள் மருத்துவமனை. அங்கே பணியாற்றிய சுபோத் மித்ரா, ஷவுட்டாவின் யோனிவழி அறுவையோடு, வயிற்றறைச் சவ்வைத் திறக்காமல் பக்கவாட்டில் கீறி நிணநீர்க் கணுக்களை அகற்றும் முறையை இணைத்தார். உலக மருத்துவ நூல்களில் அது அவர் பெயராலேயே வழங்கிற்று. அந்த வளாகத்தையொட்டி எழுந்த புற்றுநோய் மருத்துவமனையை 1950 ஜனவரியில் திறந்துவைத்தவர் ஐரீன் ஜோலியோ-கியூரி. பம்பாயில் டாட்டா நினைவு மருத்துவமனை 1941இல், சென்னை அடையாற்றில் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய நிறுவனம் 1954இல். அடையாற்றின் கதை தமிழ் வாசகர்க்கு நன்கு தெரிந்தது என்பதால் அதை இங்கே விடுகிறேன்.

ஆக, நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்நாட்டில் அறுவை தெரிந்த கைகள் இருந்தன. அந்தக் கைகளுக்கு உரிய நேரத்தில் நோயைக் காட்டிக்கொடுக்கும் வழியும் பிறந்திருந்தது. 1941இல் ஜார்ஜ் பாப்பனிக்கோலாவும் ஹெர்பர்ட் ட்ராட்டும் வெளியிட்ட உயிரணுச் சோதனை, புற்று ஆவதற்கு முன்பே கருப்பை வாயின் மாற்றங்களைக் காட்டக்கூடியது.

இங்கேதான் என் துறைக்கு நெருக்கமான கட்டம் வருகிறது. அந்த மாற்றங்களுக்கு என்ன பெயரிடுவது? மேற்தோலின் முழுத் தடிப்பையும் மாற்றம் பிடித்திருந்தால் "கார்சினோமா இன் சைட்டு", அதாவது இடம்விட்டு நகராத புற்று. அதற்குக் குறைவானால் "டிஸ்பிளேசியா", அதாவது பிறழ்வளர்ச்சி. ஒரே கண்ணாடித் துண்டை இரண்டு நோயியலர் பார்த்தால் இரண்டு பெயர் வரலாம். ஆனால் பெயர் மாறினால் பெண்ணின் விதி மாறியது. முதற்பெயரில் "புற்று" என்ற சொல் இருந்ததால் அறுவை, பெரும்பாலும் கருப்பை நீக்கம். இரண்டாம் பெயரில் அச்சொல் இல்லாததால் "பார்ப்போம்". 1960களின் பிற்பகுதியில் ரால்ஃப் ரிச்சர்ட் இவையெல்லாம் ஒரே தொடர்ச்சியின் படிகள் என்று வாதிட்டு ஒரு பொதுப்பெயரை முன்வைத்தது வெறும் கலைச்சொல் சீர்திருத்தம் அன்று. இரண்டு சொற்களுக்கு நடுவே விழுந்துகொண்டிருந்த பெண்களைத் தாங்கிப்பிடிக்கும் முயற்சி அது.

அவ்வாறு விழுந்தவர்களின் கதை இரண்டு நகரங்களில் நடந்தது. முதலாவது நியூசிலாந்தின் ஆக்லாந்து.

ஆக்லாந்தின் நேஷனல் விமன்ஸ் மருத்துவமனையில் ஹெர்பர்ட் க்ரீன் என்ற மகப்பேறு மருத்துவர், கார்சினோமா இன் சைட்டு உண்மையில் புற்றாக மாறுவதில்லை என்று நம்பினார். இளம்பெண்கள் தேவையின்றிக் கருப்பையை இழக்கிறார்கள் என்ற அவருடைய கவலை பொய்யானதன்று. அதையும் சொல்லத்தான் வேண்டும். 1966இல் மருத்துவமனை அவருடைய திட்டத்தை ஏற்றது. திசுச் சோதனைக்குச் சிறு துண்டு மட்டும் எடுத்துவிட்டு, நோயை முழுமையாக அகற்றாமல், பெண்களை மீண்டும் மீண்டும் வரச்சொல்லிப் பார்ப்பதே திட்டம். தாங்கள் ஓர் ஆய்வில் இருக்கிறோம் என்று அப்பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. அதே மருத்துவமனையின் பில் மெக்கிண்டோ, ஜாக் மெக்லீன் ஆகியோர் உள்ளிருந்தே எதிர்த்தார்கள், எடுபடவில்லை. 1984இல் அவர்களும் இன்னும் இருவரும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில் 948 பெண்களின் கணக்கு இருக்கிறது. தொடக்கச் சிகிச்சைக்குப் பின் உயிரணுச் சோதனை இயல்பாகிவிட்ட 817 பேரில் 12 பேருக்குப் பரவும் புற்று வந்தது. சோதனை தொடர்ந்து பிறழ்வையே காட்டிய 131 பேரில் 29 பேருக்கு வந்தது. ஒன்றரை விழுக்காட்டுக்கும் இருபத்திரண்டு விழுக்காட்டுக்கும் உள்ள வேறுபாடு அது.

மருத்துவ இதழில் வந்த அக்கட்டுரை உலகை அசைக்கவில்லை. 1987 ஜூனில் சாண்ட்ரா கோனியும் ஃபிலிடா பங்க்கிலும் "மெட்ரோ" என்ற பொது இதழில் எழுதிய பிறகே நாடு விழித்தது. நீதிபதி சில்வியா கார்ட்ரைட் தலைமையில் விசாரணை நடந்து, 1988 ஆகஸ்டில் அறிக்கை வெளிவந்தது. நோயாளர் உரிமைச் சட்டகம், அதற்கென ஓர் ஆணையர், நாடு தழுவிய சோதனைத் திட்டம் எல்லாம் அதன் விளைவுகள். 2018இல் மருத்துவமனையை நடத்திய சுகாதார வாரியம் மன்னிப்புக் கேட்டது.

"மெட்ரோ" கட்டுரையின் மையத்தில் இருந்த நோயாளி, பல ஆண்டுகள், சொன்ன தேதிகளில் தவறாமல் மருத்துவமனைக்கு வந்துபோனவர். பேக், கேலோ அளவுகோலின்படி அவர் ஒருநாளும் தாமதிக்கவில்லை.

இரண்டாவது நகரம் தில்லி.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் கீழியங்கிய உயிரணுவியல் நிறுவனம் ஒன்று, 1976 முதல் 1988 வரை, கருப்பை வாயில் பல படிநிலைகளில் டிஸ்பிளேசியா இருந்த சுமார் 1,100 பெண்களைச் சிகிச்சையளிக்காமல் தொடர்ந்து கவனித்தது. எத்தனை பேருக்கு, எவ்வளவு காலத்தில் புற்று வருகிறது என்று அறிவதே நோக்கம். ஆய்வு முடிந்தபோது 71 பேருக்குப் புற்று வந்திருந்தது. அவர்களுள் 62 பேருக்கு அது ஓரிடத்தில் நிற்கும் நிலைக்கு வந்த பிறகே சிகிச்சை தரப்பட்டது. ஒன்பது பேருக்கு அது பரவும் புற்றாகிவிட்டது. இச்செய்தி பொதுவெளிக்கு வந்தது 1997இல், ஆய்வு முடிந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து.

பொறுப்பிலிருந்தோர் சொன்ன விடைகள் இரண்டு. எந்த டிஸ்பிளேசியா புற்றாகும் என்பது ஆய்வு தொடங்கிய காலத்தில் உறுதியாகத் தெரியாது என்பது ஒன்று. எழுதப்படிக்கத் தெரியாத பெண்கள் ஆதலால் வாய்மொழியாகச் சம்மதம் பெறப்பட்டது, எழுத்துவழி ஒப்புதல் அன்று கட்டாயமில்லை என்பது மற்றொன்று.

முதல் விடையை நான் எளிதில் ஒதுக்கமாட்டேன். லேசான டிஸ்பிளேசியா பெரும்பாலும் தானே மறைந்துவிடும் என்பது இன்று பாடநூல் செய்தி; அத்தகைய பெண்களைச் சிகிச்சையின்றிக் கவனித்து வருவதே இன்றும் வழக்கம். அந்த அறிவு எங்கிருந்தோ வந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் 62 என்ற எண் லேசான டிஸ்பிளேசியாவைப் பற்றியதன்று. வளர்ந்துகொண்டே போகும் மாற்றத்தை எந்தப் படியில் நிறுத்துவது என்ற கேள்விக்கு, "புற்று" என்ற பெயர் வரும்வரை நிறுத்த வேண்டியதில்லை என்று யாரோ விடை எழுதியிருக்கிறார்கள். உறையவைத்து அழிக்கும் எளிய சிகிச்சை 1970களிலேயே இருந்தது. 1984இல் ஆக்லாந்து எண்கள் அச்சாகிவிட்டன. தில்லியில் கவனிப்பு 1988 வரை நீண்டது. கார்ட்ரைட் அறிக்கை வெளிவந்த அதே ஆண்டு.

இரண்டாம் விடை மொழியைப் பற்றியது ஆகையால் அதில் சற்று நிற்கிறேன். எழுத்தறியாதவருக்கு எழுத்தில் சொல்ல முடியாது, சரி. ஆனால் வாயால் என்ன சொல்லப்பட்டது? "உங்களுக்கு ஒரு மாற்றம் இருக்கிறது, மருந்து தராமல் பார்க்கப்போகிறோம், புற்றாகலாம், விரும்பினால் இப்போதே சிகிச்சை எடுக்கலாம்" என்ற நான்கு கூற்றுகளும் எளிய இந்தியில் சொல்லக்கூடியவை. எழுத்தறிவின்மை இவற்றுள் எதையும் தடுக்காது. இதே குழுமம் மனிதர்மீதான ஆய்வுகளின் அறநெறி பற்றிய கொள்கை அறிக்கையை 1980இல் வெளியிட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதன்பின் எட்டு ஆண்டுகள் அந்த ஆய்வு நடந்தது.

இவ்வகை ஆய்வுகளுக்கு மருத்துவத்தில் வழங்கும் பெயர் "நேச்சுரல் ஹிஸ்டரி", நோயின் இயற்கை வரலாறு. சிகிச்சையில்லாமல் விட்டால் நோய் எப்படி நடக்கும் என்பதே பொருள். ஆனால் அந்த "விட்டால்" தொடருக்குள் எங்கும் தெரியாது. பக்கத்திலேயே மருத்துவரும் மருந்தும் இருக்கையில் தராமல் விடுவது ஒரு செயல். அச்செயலுக்கு "இயற்கை" என்ற அடைமொழி போர்த்தப்பட்டுவிடுகிறது. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை கறுப்பின ஆண்களின் மேகநோயைச் சிகிச்சையின்றிக் கவனித்த ஆய்வு மட்டும் ஒரு விதத்தில் நேர்மையானது: சிகிச்சையளிக்கப்படாத என்ற சொல்லைத் தன் தலைப்பிலேயே வைத்திருந்தது.

தில்லிப் பெண்களைப் பற்றி ஒன்றைக் கவனியுங்கள். பன்னிரண்டு ஆண்டுகள் ஒருவரைத் தொடர்ந்து கவனிக்க வேண்டுமென்றால் அவர் வரவேண்டும். கூலி இழந்து, பேருந்தேறி, பிள்ளையைப் பக்கத்துவீட்டில் விட்டு, சொன்ன தேதிக்கு வரவேண்டும். இந்தியப் பெண்கள் நாணத்தாலும் அறியாமையாலும் தாமதமாக வருகிறார்கள் என்ற நூற்றாண்டுக் கூற்றை அந்த ஆய்வின் வருகைப் பதிவேடு ஒன்றே மறுக்கப் போதுமானது. அவர்கள் வந்தார்கள். அறுவையோ உறையவைப்போ எதுவாயினும் போதுமானதாக இருந்த காலத்தில் வந்தார்கள்.

தில்லிச் செய்தி வெளியான அடுத்த சில ஆண்டுகளில் இந்தியாவில் மூன்று பெரிய ஆய்வுகள் தொடங்கின: மும்பைக் குடிசைப் பகுதிகளிலும், மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாதிலும், நம் திண்டுக்கல்லிலும். சோதனை செய்தால் கருப்பை வாய்ப் புற்றால் இறப்பது குறையுமா என்பது கேள்வி. குறைந்தது. மும்பையில் அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய சோதனையால் இறப்பு 31 விழுக்காடு குறைந்தது. உஸ்மானாபாதில் ஒரேயொரு முறை செய்த எச்பிவி சோதனை இறப்பை ஏறத்தாழப் பாதியாக்கியது. ஏழை நாடுகளின் சோதனைக் கொள்கை இவ்வெண்களின்மேல்தான் நிற்கிறது. அதே சமயம், ஒப்பீட்டுக்காகச் சோதனையின்றி விடப்பட்ட சுமார் 1,40,000 பெண்களில் குறைந்தது 254 பேர் இந்நோயால் இறந்தார்கள் என்று விமர்சகர்கள் கணக்கிட்டார்கள். மும்பை ஆய்வின் ஒப்புதல் முறையை அமெரிக்க அரசின் மனித ஆய்வுப் பாதுகாப்பு அலுவலகமும் குறைகூறியது. இங்கே என் மனம் தில்லி விஷயத்தில்போல் தெளிவாக இல்லை. ஆய்வு நடக்காவிட்டாலும் அப்பெண்களுக்குச் சோதனை கிடைத்திருக்காது என்ற வாதம் உண்மைதான். உயிரணுச் சோதனை பயனுள்ளது என்று பல பத்தாண்டுகளாகத் தெரிந்திருக்க, இந்தியப் பெண்ணுக்கு மட்டும் அதைப் புதிதாக மெய்ப்பிக்க வேண்டியிருந்தது ஏன் என்ற கேள்வியும் உண்மைதான். "வழக்கமான பராமரிப்பு" என்று ஆய்வுத்தாள்கள் ஒப்பீட்டுக் குழுவுக்குப் பெயரிட்டன. வழக்கத்தில் பராமரிப்பு எதுவும் இருக்கவில்லை.

மெய்ப்பித்த பின் என்ன நடந்தது? 30 முதல் 65 வயதுவரையுள்ள பெண்களைச் சோதிப்பதற்கான வழிகாட்டலை மத்திய சுகாதார அமைச்சகம் 2016இல் வெளியிட்டது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களில் வாழ்நாளில் ஒருமுறையேனும் இச்சோதனை செய்துகொண்டோர் 1.9 விழுக்காடு. உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி 2022இல் இந்தியாவில் இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டோர் 1,27,526, இறந்தோர் 79,906.

அறுவை இந்நோயின் தொடக்கநிலைக்கே உரியது. புற்று கருப்பையைச் சூழ்ந்த திசுக்களுக்குள் இறங்கிவிட்டால் கத்தி பயன்படாது. மருந்தோடு சேர்ந்த கதிர்வீச்சே முறை. கதிர்வீச்சுக் கருவிக்கு நீண்ட வரிசை இருக்கும் இடங்களில், முதலில் மருந்தால் சுருக்கிவிட்டுப் பிறகு அறுவை செய்யலாமே என்ற எண்ணம் நெடுங்காலம் இருந்தது. டாட்டா நினைவு மருத்துவமனை 635 பெண்களிடம் இதைச் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டது. ஐந்தாண்டு நோயின்றி இருந்தோர் அறுவைக் குழுவில் 69.3 விழுக்காடு, கதிர்வீச்சுக் குழுவில் 76.7. இழந்த மாதங்களைக் கத்தியால் மீட்க முடியவில்லை. இந்த ஆய்வை நான் மதிப்போடு படித்தேன். இரு குழுவுக்கும் சிகிச்சை இருந்தது.

கார்ட்ரைட் விசாரணை போன்ற ஒன்று தில்லி ஆய்வுக்கு நடக்கவில்லை. குழுமம் 2000இல் விரிவான அறநெறி வழிகாட்டலை வெளியிட்டது. 2006இலும் 2017இலும் திருத்தியது. இன்று ஆய்வேட்டுக்காக நாம் ஓர் ஊரில் பத்துப் பேரிடம் பேச்சைப் பதிவுசெய்யப் போனாலும் ஒப்புதல் படிவத்தோடு போகிறோம், சலித்துக்கொண்டே நிரப்புகிறோம். நானும் சலித்துக்கொண்டவன்தான்.

பெரியம்மா கதிர்வீச்சு முடிந்து பதினாறு மாதம் இருந்தார். கோப்பும் பிளாஸ்டிக் உறையும் இப்போது என்னிடம் இருக்கின்றன. சென்ற வாரம் ஏழு சீட்டுகளையும் தேதிவாரியாக அடுக்கி, ஒரு தாளில் எழுதினேன். இடப்பக்கம் தேதி. நடுவில் அவர் சொன்ன அறிகுறி, சீட்டில் உள்ளபடியே. வலப்பக்கம் எழுதித்தந்த மருந்து. இரண்டாம் சீட்டிலேயே, மருத்துவரின் கையெழுத்தில், "உறவுக்குப் பின் இரத்தம்" என்று இருக்கிறது. கருப்பை வாயை உடனே பார்க்க வேண்டும் என்பதற்கான அறிகுறி அது. அதன் எதிரே வலப்பக்கத்தில் இரும்புச்சத்து மாத்திரை, முப்பது நாளுக்கு. தேதி, பெங்களூர்க் கோப்புக்கு ஒன்பது மாதம் முந்தையது.